கிளிப் நிற்கும் அளவுக்கு முடி

அம்மா,

நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகும் துணிப்பையை இன்று காலை திறந்தேன். அடியில் உன் கறுப்புக் கிளிப். பற்களுக்கிடையே ஒற்றை முடி. நரை.

தொடவில்லை. பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் விசாரணை. வழக்குத் தாளில் உன் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர். அதன் கீழே, இறந்தவரின் வாரிசு.

செனாய் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நீ காத்து நின்ற காலையில் ஓர் அரசு லாரி பின்னோக்கி வந்து உன்னை இடித்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நம்முடையது நான்காம் மாடி. மின்தூக்கி இல்லை. அதற்குப் பிறகு விசாரணை நாளிலும் மருத்துவமனை நாளிலும் மட்டும் நீ கீழே இறங்கினாய், பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக், அவருடைய இரண்டு மகன்கள், நான். நான்கு பேர் நான்கு கால். படி திரும்பும் இடத்திலெல்லாம் அவர் "பெலான், பெலான்", மெதுவாக, மெதுவாக, என்று எங்கள் வேகத்தைக் குறைப்பார். கண்ணாடிச் சாமான் இறக்குவது போல.

"கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் இப்படித் தூக்கலடி. அவருகிட்ட மலாயில சொல்லு."

நான் சொல்லவில்லை.

நீ கேட்டது ஒன்றுதான். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தரைவீடு. "நானா கதவத் தொறந்து, நானா கடைக்குப் போயி, ஒரு கட்டு கீரை வாங்கணும். அவ்ளோதான்."

இழப்பீட்டுத் தொகைக்கு அரசுத் தரப்பு ஒருநாள் ஒப்புக்கொண்டது. சமரசத்தை நீதிபதி தீர்ப்பாகவே பதிவு செய்தார். எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. நீ நீதிபதியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

பல்கலைக்கழகம் போனவள் சொன்னாள். நம்பினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, அந்த ஒருமுறை மட்டும் கோயிலுக்காக உன்னை இறக்கினோம். முருகன் கோயிலில் மொட்டை. வழக்கு முடிந்தால் முடி தருவதாக வேண்டுதல். இடுப்பு வரை இருந்த முடி. நம் வழக்கறிஞர் உன் தலையைப் பார்த்துப் பதறிப்போனார்.

"காசு கைக்கு வந்தப்பறம் செஞ்சிருக்கலாமேம்மா."

"சாமிகிட்டத் தவணை கேக்கச் சொல்றீங்களா?"

தலையில் முடி முள்முள்ளாக எழும்பியபோது அரசின் மனு வந்தது. சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அந்த அதிகாரமே இல்லையாம். தீர்ப்பை ரத்து செய்ய வேண்டுமாம். அது முடிவாகும் வரை நாம் தொகையை வசூலிக்கக் கூடாதாம்.

அரசு வழக்கறிஞர் மரியாதையாகத்தான் பேசினார். இவரிடம் கொடுத்தால் திரும்பப் பெற இயலாது. இவருக்குச் சொத்து இல்லை, வருமானம் இல்லை. உன் காதில் தமிழில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான் ஏழைன்னு கண்டுபிடிக்கவா இத்தனை பேரு கறுப்புக் கோட்டு போட்டு வந்திருக்காங்க?"

ஒத்திவைப்பு. பிறகு மறுபடியும். காலம் போவதை உன் தலையில்தான் பார்த்தேன். முடி காதை மூடியது. கழுத்தைத் தொட்டது. மூன்றாவது விசாரணையில் நீதிபதி அரசின் பக்கம் சொன்னார். அதுவரை தொகையை நிறுத்திவைக்கலாம். தாழ்வாரத்தில் நான் சுவரைப் பார்த்து நின்றேன். எனக்குப் பின்னால் உன் குரல்.

"கிளிப் நிக்குதுடி. பாரேன்."

நான் திரும்பவில்லை.

பிறகு மழை. ஐந்து நாள் காய்ச்சலை மறைத்தாய். சும்மா சளி என்றாய். கண்டுபிடித்து நான் கத்தியபோது, "படியெல்லாம் ஈரம்டி. அந்தப் புள்ளைங்க வழுக்கி விழுந்துட்டா?" என்றாய்.

ஆறாம் நாள் தூக்கினோம். பாக்சிக் ஒரு திருப்பத்திலும் "பெலான்" சொல்லவில்லை. ஓடி இறங்கினோம்.

மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாய். தாதி கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தார். கையிலிருந்த பையில் போட்டேன். உன் அடையாள அட்டைக்காக எடுத்து வந்த பை. வழக்குத் தாள்களும் அதில்தான்.

தரைவீடு இருந்திருந்தால் காய்ச்சலை முதல் நாளே நீ சொல்லியிருப்பாய். எந்த மனுவிலும் இதை எழுத இடமில்லை.

இன்று நிறுத்திவைப்பை நீட்டிக்க அதே வாதம். இம்முறை என்னைப் பற்றி. நிரந்தர வேலை இல்லாதவர், கொடுத்தால் திரும்பப் பெற இயலாது. உன்னைப்போலச் சிரிக்க எனக்கு வரவில்லை. காதில் சொல்லவும் ஆள் இல்லை. அடுத்த தேதி கொடுத்தார்கள்.

படியேறும்போது பாக்சிக் கதவருகே நின்றிருந்தார். அந்த நாற்காலி இன்னும் அவர் வாசலில்தான். இப்போது அதில் செருப்புகள். முடிந்ததா என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். யார் கேட்டாலும் தேதியைத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வருவதில்லை, அம்மா. ஒருமுறை சொன்னேன். உன் முடி போயிற்று.

இப்போது வீட்டில் இருக்கிறேன். கிளிப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த ஒற்றை முடியை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பார்க்கிறேன்.