குறுக்கே வெட்டிய தாள்

அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம். உரக்கடைக்காரரிடம் அண்ணியின் நோட்டுப் புத்தக ஷெட் சாவியைக் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அளவு டேப்போடு வந்தார். நீ போனில் வாடகை எல்லாம் பேசி முடித்துவிட்டாய், மூட்டை அடுக்க இடம் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பூட்டு மாற்றப் போகிறேன் என்றார். அளந்துகொள்ளட்டும் என்று விட்டேன். அளந்து முடித்ததும் தாள் வெட்டும் கட்டிங் மெஷினைக் காட்டி, இதை எப்போ எடுக்கப்போறீங்க என்று கேட்டார். அதைத் தரையில் கான்கிரீட் போட்டு, நாலு போல்ட் இறக்கி நிறுத்தியது நான். கழற்ற வேண்டுமானால் என்னைத்தான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் வரமாட்டேன் என்றேன். உங்க அண்ணன்கிட்டயே பேசிக்கிறேன் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். பேசியிருப்பார். நீயும் கொதித்துப்போய் இருப்பாய். கொதி. ஆனால் இதை முழுசாகப் படித்துவிட்டுக் கொதி.

ஷெட் உன் பேரில்தான் இருக்கிறது. தெரியும். பத்திரத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். போனில் இரண்டு தரம் ஆரம்பித்தேன். இரண்டு தரமும், முடிவு பண்ணியாச்சு வேற பேசு என்று வெட்டினாய். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். உன் கூட வேலை பார்க்கும் வெல்டர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும் இரண்டு நோட்டும் வரும். நோட்டைப் பற்றிப் பிறகு.

இரண்டு மாதத்துக்கு முன் நான் உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மாட்டு டாக்டர் தன் மருத்துவமனைப் பதிவுக்காகக் கேட்டிருந்த இருநூறு நோட்டும் திரும்பி வந்துவிட்டது, அண்ணிக்குப் பசை காய்ச்சத் தெரியவில்லை, மழை நாளில் இந்தத் தொழில் தேறாது, மூடிவிடலாம் என்று. கோபத்தில் ஒரே மூச்சில் அடித்தது. நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அண்ணியிடம், தம்பியே சொல்லிட்டான் அப்புறம் என்ன என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கே உரக்கடைக்காரரிடமும் பேசிவிட்டாய்.

அண்ணா, அந்தச் செய்தியில் இருந்தது தப்பு. கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதியதல்ல, முழுத் தப்பு. நோட்டைக் கெடுத்தது அண்ணியின் பசை இல்லை. நான்.

எப்படி என்று சொல்கிறேன். புரியும்படி சொல்கிறேன், நீயும் மெஷினோடு வேலை செய்கிறவன்தானே.

காகிதம் ஆலையில் ஓடும்போது அதன் நார் எல்லாம் ஒரே திசையில் படுத்துவிடும். அந்தத் திசையில் கிழித்தால் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நோட்டின் முதுகுக்கு, அதாவது தைத்து ஒட்டும் ஓரத்துக்கு, இணையாக அந்த நார் போக வேண்டும். குறுக்கே போனால், பசையின் ஈரத்தில் தாள் உப்பி, முதுகோரம் அலை அலையாக எழும்பிவிடும். நோட்டு மூடாது. மாட்டு டாக்டர் ஒன்றை என் மேஜையில் வைத்துக் காட்டினார், அது பாட்டுக்கு அரை அங்குலம் திறந்து நின்றது. நாள் முழுக்க மாட்டுக்கு வாயைத் திறந்து பார்த்துட்டு வர்றேன், இங்க நோட்டும் வாயைத் திறந்துட்டு நிக்குது, இதுக்கும் பல்லு பார்க்கணுமா என்று கேட்டார். பக்கத்தில் தாள் தைத்துக்கொண்டிருந்த டெய்லரக்கா சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில்தான் உனக்கு எழுதினேன்.

அண்ணி என்ன செய்வார் தெரியுமா? தாள் கட்டு வந்து இறங்கியதும் ஒரு தாளின் மூலையைக் கிழித்துப் பார்ப்பார். பிறகு கட்டின் மேல் நார் போகும் திசையில் நீளமாக ஒரு பென்சில் கோடு போடுவார். நான் சேர்ந்த புதிதில் இது எதுக்கு என்று கேட்டேன். இந்தக் கோடு முதுகுப் பக்கம் வரணும் தம்பி, அவ்வளவுதான் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. படித்தவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். எனக்குத் தெரியாதது இருக்கவே முடியாது என்று நான் நினைத்தேன். ஆக மொத்தம் அந்தக் கோட்டை ஏதோ எண்ணிக்கைக்குப் போட்ட கோடு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக அண்ணி மூன்று வாரம் நகரத்தில் இருந்தாரே, அப்போதுதான் கை அரித்தது. கணினியில் படம் போட்டுப் பார்த்தேன். தாளைத் திருப்பிப் போட்டு வெட்டினால் ஒரு தாளுக்கு ஒரு துண்டு கூடுதலாக வருகிறது. பிரமாதம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு, மொத்தத் தாளையும் திருப்பிப் போட்டு வெட்டித் தள்ளினேன். படத்தை அச்செடுத்துச் சுவரில் வேறு ஒட்டினேன். அண்ணி திரும்பி வந்து, அடுக்கைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, கோடு எங்க தம்பி என்பதுதான். எல்லாம் பார்த்துத்தான் வெட்டினேன் என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. கோட்டைப் பற்றித் தெரியாது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் என்னை நம்பினார். நம்பியதால் தாளைச் சந்தேகப்படவே இல்லை. தன் பசையைச் சந்தேகப்பட்டார். நோட்டு திரும்பி வந்த பிறகு மூன்று தரம் பசையை மாற்றிக் காய்ச்சினார், கெட்டியாக ஒரு தரம், நீர்க்க ஒரு தரம், வேறு மாவில் ஒரு தரம். ஒன்றும் சரியாகவில்லை. நான் பக்கத்தில் நின்று, ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று மீட்டர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ போன் செய்த மறுநாள் பசைச் சட்டியைக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டார். தினமும் வந்தார், தைத்தார், பெருக்கினார். சட்டியை மட்டும் தொடவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது நான் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். டெய்லரக்கா. அவர் நம்மிடம் தாள் கோத்துத் தைக்க வருகிறவர், முன்பு துணி தைத்தவர். இன்றைக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன், யாருக்கோ சட்டை அளவு குறிக்க, கெட்டுப்போன நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அது பாதியில் கோணிக்கொண்டு போனது. இன்னொன்று கிழித்தார். அதுவும் கோணல். என்னைப் பார்த்து, தம்பி, துணியைக் குறுக்குல வெட்டினா இப்படித்தான் இழுத்துக்கிட்டு நிக்கும், நீங்க தாளைக் குறுக்குல வெட்டிட்டீங்களா என்று கேட்டார். தாள் வேறு துணி வேறு அக்கா என்று ஆரம்பித்தேன். சரி தம்பி, நீங்க படிச்சவரு, நான் தைச்சவ என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

பத்துத் துண்டு நறுக்கித் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். பத்தும் தப்பான பக்கம் சுருண்டன. சுவரில் ஒட்டியிருந்த என் படத்தைக் கிழித்தேன். அது நேராகக் கிழிந்தது, அதற்கு என்ன கொழுப்பு பார்.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: இதை உங்க அண்ணன்கிட்ட யாரு சொல்றது?

நான் சொல்கிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு அடுத்த நாள் புதுக்கட்டு இறங்கியது. அண்ணி மூலையைக் கிழித்தார், கோடு போட்டார். கோட்டை ஒட்டி நான் வெட்டினேன். கூடுதல் துண்டு வரவில்லை. வர வேண்டாம். பசை காய்ச்ச ஆள் இல்லை, நான் காய்ச்சட்டுமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். வேண்டாம், ஒரு தரம் பட்டது போதும் என்று அவரே சட்டியை இறக்கினார். முதலில் நாற்பது நோட்டு முடித்தோம். மாட்டு டாக்டரை வரச்சொன்னேன். வரமாட்டேன் என்றார். இங்கே ஒரு மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வரவழைத்தேன். வந்ததும் கையில் நோட்டைக் கொடுத்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, தட்டி, மேஜையில் போட்டுப் பார்த்தார். இது வாயை மூடிக்கிச்சு, நீயும் கொஞ்சம் மூடக் கத்துக்கோ என்றார். மீதி நூற்றறுபதையும் மாதக் கடைசிக்குள் கேட்கிறார். ஷெட் இருந்தால் கொடுப்போம். உர மூட்டை இருந்தால் கொடுக்க மாட்டோம். விஷயம் இவ்வளவு எளிமை.

இனி உன்னோடு நேரடியாகச் சண்டை.

பேப்பரை ஒட்டி விளையாடுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டாய். நான் நாலு வருஷம் மெஷின் படித்து, ஒரு நோட்டை மூட வைக்கத் தெரியாமல் இருநூறைக் கெடுத்தவன். இது விளையாட்டு என்றால் எனக்கு ஆடத் தெரியவில்லை, உனக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான் நம் வீட்டில் இருக்கிறார்.

நான் அனுப்புவது போதாதா என்றும் அண்ணியைக் கேட்டாயாம். போதும். அது போதவில்லை என்று யாரும் ஷெட்டைத் திறக்கவில்லை. காலையில் எழுந்ததும் அண்ணி போக ஓர் இடம் இருக்கிறது, அங்கே போனால் அவர் சொல்வதைக் கேட்க நானும் டெய்லரக்காவும் இருக்கிறோம். வாடகையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? ஜன்னலோரம் உட்கார்ந்து நீ வரும் தேதியை எண்ணுவாரா? அந்தத் தேதியை நீயும் மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

முரட்டுத்தனமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம். பொய்யை அவ்வளவு வேகமாக எழுதியவன், இதை மட்டும் மெதுவாக எழுத முடியாது.

நீ அண்ணியை முதலில் பார்த்தது அச்சகத்தின் பைண்டிங் அறையில். ஒரே ஒரு ரசீது புத்தகத்துக்காக நாலு தரம் நடந்தவன் நீ. நாலாவது தரம் உன் சட்டைக் கையில் பசை ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன், கேட்டதற்கு ஏதோ சுவரில் பட்டது என்றாய். அந்தப் பசை அண்ணி கையால் காய்ச்சியது, அண்ணா. அதே கைதான் இப்போதும் பசை காய்ச்சுகிறது. உனக்கு அப்போது பிடித்தது, இப்போது ஏன் விளையாட்டாகத் தெரிகிறது?

வீட்டுச் செய்தி: அப்பாவுக்குக் கண் பளிச்சென்று தெரிகிறது. அதுதான் இப்போது எங்கள் பிரச்சினை. பரணில் ஒட்டடை, என் சட்டையில் கறை, எதிர்வீட்டுக் கதவில் விரிசல், எல்லாம் தெரிகிறது. கெட்ட நோட்டுகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தன் மருந்து வேளையை எழுதுகிறார். மூடவில்லையே என்றேன். மூடாட்டி என்னடா, திறக்கிற வேலை மிச்சம் என்கிறார். மழை விட்டுவிட்டது. கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டேன். டெய்லரக்கா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உரக்கடைக்காரருக்கு நீயே போன் செய்து, முடியாது என்று சொல்லிவிடு. திங்கட்கிழமைக்குள். நீ சொல்லாவிட்டாலும் அவருக்குச் சாவி கிடைக்காது. ஆனால் என் பிடிவாதத்தால் ஷெட் நின்றது என்று இருக்கக் கூடாது. நீ சொல்லி நின்றது என்று அண்ணி கேட்க வேண்டும். இப்படிச் செய்யச் சொல்லி நான் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது.

வெல்டர் கையில் வரும் இரண்டு நோட்டையும் உன் மேஜையில் வை. மேலே பாரம் எதுவும் வைக்காதே. மறுநாள் காலையில் பார். வாயைத் திறந்து நிற்பது என்னுடையது. அதை நீயே வைத்துக்கொள். அடுத்த தரம் நான் யாரைப் பற்றியாவது ஒரே மூச்சில் எழுதி அனுப்பினால், நம்புவதற்கு முன் அதை எடுத்துப் பார்.

மூடியிருப்பது அண்ணியினுடையது. அதில் ஒன்றும் எழுதியிருக்காது. முதல் பக்கத்தில் அவருக்கு நாலு வரி எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நீ மூத்தவன். வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடு. முதுகு வலிக்கு வைத்தியரைப் பார்.

எழுதியதும் அந்தத் தாளைக் கையாலேயே கிழித்து அனுப்பு. கத்தரி தேட வேண்டாம். நேராக வரும்.

உன் தம்பி,
நீ வைத்த பெயர்தான், அவசரக்குடுக்கை