முருகேசன் நடப்பானா?

செவ்வாய்க்கிழமை, இரவு.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் சிநேகிதன் முருகேசனுக்கு என் மகள்தான் வீட்டுக்கே போய் பிசியோதெரபி செய்கிறாள். சாப்பிடும்போது, "அவன் இனிமே நடப்பானா?" என்று அவளிடம் கேட்டேன்.

"பேஷண்ட் விஷயத்த வெளிய சொல்லக்கூடாது நைனா."

"நான் இன்னா வெளியாளா? அவன் கல்யாணத்துக்குப் பந்தல் கட்னவன்டீ!"

"அப்ப நீயே போய்ப் பாரு. அவரு கீற பாரிவாக்கம் இன்னா அமெரிக்காவுலயா கீது? அவரு உன்னப் பத்தி தெனம் கேக்குறதக்கூட நான் சொல்லக்கூடாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பத்தாவது பெயிலான எனக்கு அவள் படித்த தர்மத்தில் குறை சொல்லத் தெரியவில்லை. அவனைக் கட்டிலில் பார்க்கும் தைரியமும் இல்லை. பேச்சில் மட்டும் பெரிய வீரன்.

நாளைக்குப் போகவேண்டும். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று திட்டுவான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். திட்டாமல் அழுதுவிட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.