ஹெல்மியின் மலிவுத் தோட்டா

குஹ்மோ, 20 ஆகஸ்ட் 1987

ஆர்வோ,

சண்டை போட்டுக்கொண்டு நீ என்னை விட்டு ஓலு நகரத்துக்குப் போய் ஒரு வருடமாகிறது. எழுதவே கூடாதென்றுதான் இருந்தேன். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் உன்னை விட்டால் எனக்கு யார்? மூஸ் மான் வேட்டைக் குழுவில் உன் இடத்தை எனக்குத் தரும்படி தலைவன் கலெர்வோவிடம் கேட்டேன். "இந்த ஒரு சீசன் பாக்கலாம். மானைக் காயப்படுத்தி ஓட விட்டேன்னா அதோட சரி" என்றான். எனக்கு அந்த இடம் வேண்டும். நிறையச் சுட்டுப் பழகணும். வேட்டைத் தோட்டா விலைக்கு என் தையல் காசு தாங்காது. மலிவாக எதை வாங்கட்டும்?

ஹெல்மி

பி.கு. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

ஓலு, 25 ஆகஸ்ட்

அன்புள்ள ஹெல்மி,

உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்டேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே.

குண்டின் முனை வரை செம்பு உறை மூடிய பயிற்சித் தோட்டா வாங்கு. வேட்டைக்கு ஆகாது, குறிப் பலகையில் சுடப் போதும், பாதி விலைதான். குண்டின் எடை மட்டும் வேட்டைத் தோட்டாவுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரன் இன்னும் மலிவாகப் பழைய ராணுவச் சரக்கை நீட்டுவான். வேண்டாம், அதன் மருந்தால் துப்பாக்கிக் குழல் துருப்பிடித்துவிடும்.

ஆர்வோ

குஹ்மோ, 17 செப்டம்பர்

ஆர்வோ,

நீ சொன்னதையே வாங்கினேன். முதல் நாள் சுட்டவை எல்லாம் குறிக்கு ஓர் உள்ளங்கை அளவு மேலே போயின. துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டேன். இப்போது அத்தனையும் ஒரு காபித் தட்டு அளவுக்குள் விழுகின்றன! வேட்டைத் தோட்டா ஒன்றைக்கூட வீணாக்கவில்லை, பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. 26ஆம் தேதி வேட்டை. எப்படி என் சாமர்த்தியம்?

ஹெல்மி

ஓலு, 21 செப்டம்பர்

என் ஹெல்மி,

ஐயோ, திருகைத் தொட்டாயா! அது மலிவுத் தோட்டாவுக்குத்தான் சரி. எடை ஒன்றானாலும் இரண்டும் ஒரே இடத்தில் விழாது. வேட்டைத் தோட்டா இப்போது கீழே போய் மானின் காலை உடைக்கும். போன் அடித்து அடித்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. சனிக்கிழமைக்குள் அந்தப் பெட்டியைப் பிரித்து மூன்று சுட்டுப் பார், திருகை மாற்று. கஞ்சத்தனம் பண்ணாதே, கண்ணே. இந்தக் கடிதம் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே.

ஆர்வோ

குஹ்மோ, 27 செப்டம்பர்

என் ஆர்வோ,

கடிதம் வியாழன்று வந்தது. ஓடிப்போய்ச் சுட்டேன், மூன்றும் கீழே. உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே திருகைச் சரிசெய்தேன்.

நேற்று ஒரு கிடா மான் என் முன்னால் வந்து நின்றது. ஒரே தோட்டா. நின்ற இடத்திலேயே சாய்ந்தது. கொஞ்சம் அழுதேன். கலெர்வோ தொப்பியைக் கழற்றிவிட்டு, "இடம் உன்னுதுதான் ஹெல்மி" என்றான்.

இப்போது வேறொரு தலைவலி. அக்டோபர் 17 ஊருக்கு மான் சூப் விருந்து. வேட்டைக்குப் போனவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவரவர் வீட்டுக்காரிகள் பரிமாறுவார்கள். இத்தனை வருடம் உனக்காக நான் கரண்டி பிடித்தேன். கலெர்வோவின் மனைவி, "உன் வீட்டுலேர்ந்து பரிமாற யாருடி வர்றா?" என்று சிரித்தாள்.

உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஏப்ரன் தைத்தாயிற்று. வந்து சேர்.

உன் ஹெல்மி