நாங்கள் இருவரும் சுகம்

என் செல்ல மாலினி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்தி ஏதாவது கிடைக்கட்டும், அதோடு எழுதலாம் என்று இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். நல்ல செய்தி கிடைக்கவில்லை. இருப்பது வெட்கக்கேடான செய்திதான். அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. மற்றவர்களும் வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். அம்மா நடமாடுகிறார். உன் பச்சைக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நம் ஃபுருசெத் பக்கத்துக் கடைகளுக்குப் போய்வருகிறார். கை நீளம் என்று மடித்து விட்டிருக்கிறார். கீழ்வீட்டு நோர்வேக்காரர் நீ இறந்த கிழமை படியில் என் கையைப் பிடித்து, ‘கொண்டொலேரர்’ என்றார். துக்கம் விசாரிக்க அவர்களுக்கு ஒரே சொல், அதோடு வேலை முடிந்தது. நமக்குத்தான் இழவைச் சொல்லவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. அந்தத் தெரியாத்தனத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

உன் வேலை என் தலையில் வந்து விழுந்தது. பல்கலைக்கழகத்தில் உன்னோடு இருந்தவர்கள் கூப்பிட்டு, ஒலிப்பதிவுகளைத் தெரிந்தவன் நீதான், வினைச்சொல் அட்டவணையையாவது சரிபார்த்துத் தருவாயா என்று கேட்டார்கள். நான் மண்டபங்களில் மைக்கும் ஒலிபெருக்கியும் பூட்டுகிறவன். உன்னோடு கனடாவின் வடகோடியில் உள்ள பாஃபின் தீவின் அந்தக் கடற்கரைக் கிராமத்துக்கு வந்து, உன் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்த இனுக்டிடூட் மொழி. ஆனாலும் ஓம் என்றேன். நீ தொடங்கியது அரைகுறையாகக் கிடந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

வாசிக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நம் வினைச்சொல் ஒருமையிலும் பன்மையிலும் முடியும். அந்த மொழியில் நடுவில் இன்னொன்று, இருவருக்கு மட்டுமென்று உண்டு. நான் மட்டும் சுகம் என்றால் ‘துங்கா’ என்று முடியும். நாங்கள் இரண்டு பேர் என்றால் ‘துகுக்’, அதற்கு மேல் போனால் ‘துகுத்’. இளையவர்கள் இரண்டு பேர் என்றாலும் பன்மையையே போட்டுவிடுகிறார்கள், பெரியவர்கள் மட்டும் நடுவில் உள்ளதைக் கைவிடவில்லை என்பதுதான் உன் ஆராய்ச்சி. கடைசி எழுத்துக்காகவா இவ்வளவு தூரம் விமானம் ஏறினோம் என்று நான் நையாண்டி பண்ணினேன். “வாயைப் பொத்திக்கொண்டு மைக்கைப் பிடியடா” என்றாய்.

எலிசாபி அன்ரி அந்தப் பெரியவர்களில் ஒருவர். அவர் வீட்டில்தான் தங்கினோம். அன்ரி என்று நீ கூப்பிடத் தொடங்க, நானும் அப்படியே கூப்பிட்டேன். நாம் புறப்படும் நாளில் உன் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிவர வரைந்து எடுத்தார். என்றைக்காவது ஒரு சோடிக் கையுறை தைத்துத் தருவாராம். என் கையை வரையவில்லை. எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல்தான்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கணினி வழியாகப் பேச்சுத் தொடர்ந்ததே, நினைவிருக்கிறதா? இங்கே பின்னேரம், அங்கே காலை. அவர் எப்போதும் ‘இருவரும் சுகமா’ என்று இருவருக்கான முடிவைப் போட்டுத்தான் கேட்பார். நீ முன்னால் இருந்து ‘கனுயிங்ஙித்துகுக்’ என்பாய். நாங்கள் இருவரும் சுகம். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன்.

நீ போன பிறகு, அட்டவணையை அன்ரியிடம் கேட்டுச் சரிபார்க்க முதன்முறையாக நான் தனியே அந்தக் கதிரையில் இருந்தேன். அவர் வழக்கம்போல இருவரையும் விசாரித்தார். என் வாய் நீ பழக்கிய பதிலை அப்படியே சொன்னது. பிறகு அவர், மாலினியைக் காணவில்லையே என்றார். இருவரும் சுகம் என்று சொன்ன அதே வாயால், அவளுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றேன்.

இதை நான் எங்கே பழகினேன் என்று உனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவுக்கு ரெலிபோனில் முதலில் சுகமில்லை என்றோம். பிறகு ஆசுப்பத்திரி என்றோம், பிறகு கடுமை என்றோம். செத்தவீட்டைத் தூரத்தில் இருப்பவருக்கு நேரே சொல்லக் கூடாது, நெஞ்சு தாங்காது என்பது நம் வீட்டுச் சட்டம். உன் விஷயம் பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவரைப் பொறுத்தவரை நீ பனிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாய், அங்கே சிக்னல் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் சட்டத்தின் தலையில் போட்டுவிட முடியாது. அன்ரி பேசியது உனக்காகத்தான். நீ இல்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாரோ, அட்டவணை பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அந்த வீட்டில் நீ இன்னும் உயிரோடு இருந்தாய். சனிக்கிழமை வந்தால் போதும் என்று நான் காத்திருந்தேன்.

அப்படியே பனிக்காலம் போனது. அன்ரி உன்னைக் கேட்பார், நான் ஏதாவது சொல்வேன். தங்கள் ஊர்த் தேவாலயத்தில் உனக்காக ஜெபிக்கச் சொல்லியிருப்பதாக ஒருநாள் சொன்னார். நன்றி என்றேன். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது.

போன மாதம் ஒரு பார்சல் வந்தது. உன் பெயர் எழுதியிருந்தது. மேசையில் வைத்து அம்மாதான் பிரித்தார். பனிமான் தோலில் ஒரு சோடிக் கையுறை, உள்ளே மயிர் வைத்து, விளிம்பெல்லாம் பொடித் தையல்.

“ஆர் அனுப்பினது?”

“எலிசாபி அன்ரி. அக்காவுக்கு.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அந்த மனிசிக்கு நீ சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“ஏன்ரா?”

“நீங்கள் பெரியம்மாவுக்குச் சொன்னனீங்களோ?”

அம்மா ஒரு கையுறைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் இடம் மிஞ்சியது. அதைக் கழற்றாமலே கன நேரம் இருந்தார்.

“நாங்கள் ரெண்டு பேரும் செய்தது பிழைதான்” என்றார் கடைசியில். “ஆனால் இந்த மனிசி கண் நோக நோக இருந்து தைச்சிருக்கிறா. முதல்ல அவவுக்குச் சொல்லு.”

அடுத்த சனிக்கிழமை சொன்னேன். அவர் இருவரையும் விசாரித்து முடிக்கவில்லை, நான் ‘கனுயிங்ஙித்துங்கா’ என்று என்னை மட்டும் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில், மாலினி இறந்துவிட்டாள், இலையுதிர் காலத்திலேயே இறந்துவிட்டாள் என்றேன். அவர் குசினியில் கேத்தல் கொதிக்கும் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது.

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என் மூத்த மகளின் பிள்ளை” என்றார். “உன் அக்கா போன பிறகு பிறந்தவள். எங்களில் ஒருவர் இறந்தால், பிறகு பிறக்கும் பிள்ளைக்கு அவருடைய பெயரை வைப்போம். பெயர் வந்தால் அவரும் வந்துவிட்டார் என்று அர்த்தம். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டோமோ, அந்தப் பிள்ளையையும் அந்த முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். இவளுக்கு மாலினியின் பெயரை வைத்திருப்பேன். அவள் சுகமாக வேண்டும் என்றல்லவா நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். வேறு பெயர் வைத்துவிட்டோம்.”

அக்கா, எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. பொய்யால் அன்ரியை ஏமாற்றியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உன்னை ஏமாற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. உன்னை உயிரோடு வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டு, உனக்கு வரவிருந்த வீட்டின் கதவை நானே சாத்தியிருக்கிறேன். நீ அந்தக் குளிரில் வாசலில் நின்றாயா? உள்ளே பிள்ளை அழுத சத்தம் உனக்குக் கேட்டதா?

அன்ரி கடைசிவரை ஏசவில்லை. நீங்கள் எல்லோரும் முன்பே அழுது முடித்துவிட்டீர்கள், எனக்குத்தான் இன்றைக்குத் தொடங்குகிறது என்று மட்டும் சொன்னார். அது ஏச்சைவிடப் பொல்லாததாக இருந்தது. கையுறையைத் திருப்பி அனுப்பட்டுமா என்று மடத்தனமாகக் கேட்டேன். வேண்டாம், வைத்திரு என்றார். சின்ன மகள் பிள்ளைத்தாய்ச்சியாம், கோடையில் பிறக்குமாம். அதற்கு உன் பெயரை வைப்பாளா என்று கேட்டுப் பார்ப்பாராம். ஆனால் முடிவு அவளுடையது என்று இரண்டு தரம் சொன்னார்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. போஸ்க என்கிற ஈஸ்டர் விடுமுறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறேன். பெரியம்மாவின் முன்னால் இருந்து, நீ இல்லை என்று என் வாயால் சொல்வேன். அவர் அழும்வரைக்கும், அழுது ஓயும்வரைக்கும் பக்கத்தில் இருப்பேன். வந்து உன் அட்டவணையை முடிப்பேன். அன்ரி நிறுத்தவில்லை, சனிக்கிழமைகளில் இன்னும் வருகிறார். இப்போது என்னை மட்டும்தான் விசாரிக்கிறார். அந்தக் கேள்வி சின்னதாக இருக்கிறது, அக்கா.

கோடையில் அந்தப் பெயர் கிடைக்காமலும் போகலாம். கேட்கும் உரிமையே எனக்கு இல்லை. கிடைத்தால், மொட்டைத் தலையும் எச்சில் வாயுமாக இருக்கப்போகும் அந்தப் பிள்ளையைப் பார்த்து நான் அக்கா என்று கூப்பிடவேண்டும். கையுறையைக் கொண்டுபோய்க் கொடுத்து, கை வளரட்டும் என்று சொல்லவேண்டும். அன்றைக்கு அன்ரி பழையபடி இருவரும் சுகமா என்று கேட்டால், நீ பழக்கிய பதிலை நான் பொய்யில்லாமல் சொல்வேன்.

அதுவரைக்கும் நான் மட்டும் சுகம்.

இப்படிக்கு,
உன் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற
தம்பி சேந்தன்