கழுவக் கூடாத பஞ்சு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டேன், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். உன் இருமல் நின்றதா, படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்குவதை வீட்டுக்காரர் வந்து பார்த்தாரா, எழுது. ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அது ஒரு காரணம். ஃபோனில் நான் உன்னிடம் சரளமாகப் பொய் சொல்கிறேன், அது இன்னொன்று. பேனாவைப் பிடித்தால் வேகம் குறைகிறது. காலையிலிருந்து மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒருமுறை அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க. ஒருமுறை கை கழுவப் போய், பாதி வழியில் திரும்பிவிட்டேன். மூன்றாவது எதற்கென்று எழுந்த பிறகு மறந்துவிட்டது.

அம்மாவின் வலது கண்ணில் மாற்றம் ஒன்றுமில்லை. புரைக்கு அறுவை செய்து நான்காம் நாள் கிருமி பிடித்துப் பார்வை போய் எட்டு மாதமாகிறது, அந்தக் கண் இப்போது வெளிச்சத்தை வலியாக மட்டுமே கண்டுகொள்கிறது. அதனால் கூடத்தில் எப்போதும் திரை. இடது கண்ணில் புரை முற்றிக்கொண்டே போகிறது. அசைகிற பொருள் நிழலாகத் தெரிகிறது, அசையாவிட்டால் நாற்காலியும் நானும் அவளுக்கு ஒன்றுதான். இதை நான் வருத்தமாகச் சொன்னபோது, அது கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் என்றாள். இருபத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள், படிக்க ஒரு வரி இல்லாமல் பகல் முழுக்க வானொலியைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். செய்தி வாசிக்கிறவருக்கு ழகரம் வரவில்லை என்றால் அன்றைக்குச் செய்தியே அவள் காதில் ஏறாது.

மேல்மாடி வங்கிக்காரர் வீடு மாற்றிப் போகும்போது ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுப்போனார். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி உயரம். அம்மாவுக்குப் பார்க்க ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் தேவலை என்று போன தடவை நீ சொன்னது மனதில் இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் வளர்ப்பு மீன் கடை ஒன்று இருக்கிறது, அங்கே போய், திரை போட்ட கூடத்தில் செடி வைத்த மீன்தொட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெளிச்சம் கம்மியா இருக்கறதுதான் சார் நல்லது, அதிகமா இருந்தாதான் கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும் என்றார். தடித்த இலையுள்ள அனுபியாஸ் என்ற செடி இரண்டு, ஜாவா ஃபெர்ன் ஒன்று, கைப்பிடி பாசிச்செடி, ஊறப்போட்ட மரக்கட்டை ஒன்று கொடுத்தார். மாதத்துக்கு ஓர் இலை விட்டாலே பெரிய விஷயமாம். மண்ணுக்குள் புதைத்தால் தண்டு அழுகிவிடும், கட்டையில் வைத்து நூலால் கட்ட வேண்டும். கட்டியது அம்மாதான். செடியைத் தடவிப் பார்த்து, தண்டு எது வேர் எது என்று விரலாலேயே பிரித்து, கறுப்புத் தையல் நூலால் நான்கு சுற்று. எட்டு மாதத்தில் நான் செய்து தராத ஒரு காரியம் அவள் கையால் நடந்தது அன்றைக்குத்தான். சின்ன விளக்கு ஒன்றை அவள் நாற்காலிக்கு முதுகு காட்டுகிற மாதிரி வைத்து, மேலே எண்ணெய்க் காகிதம் ஒட்டியிருக்கிறேன். நாளுக்கு ஆறு மணி நேரம் எரிகிறது. கண் கூசவில்லை என்கிறாள்.

அதுவரை எல்லாம் சரியாகப் போனது. மீன் எப்போது விடலாம் என்று கேட்டபோதுதான் கடைக்காரர் அந்த விஷயத்தைச் சொன்னார். மீனின் கழிவு தண்ணீரில் நஞ்சாகுமாம். அந்த நஞ்சைத் தின்கிற கிருமி, தொட்டியில் குமிழி விடுகிற பஞ்சுக்குள் தானாகக் குடியேற வேண்டுமாம், அதற்கு ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட வேண்டும். வேறு என்ன செய்ய வேண்டும் என்றேன். சும்மா இருங்க சார், அதுதான் வேலை என்றார். யாரிடம் வந்து சொல்கிறார் பார். முப்பத்தொரு வருடம் மருத்துவமனையில் கருவிகளைக் கிருமி போகக் கழுவி ஆவியில் வேகவைத்தவனிடம். அங்கே என் பேரே சோப்பு. ஊரெல்லாம் சோப்பு போட்டுக் காரியம் சாதிக்கும், இவர் சோப்பு போட்டுக் காரியத்தைக் கெடுப்பார் என்று அம்மா சொல்வது உனக்குத் தெரியும். அழுகட்டும் என்று ஒரு சாமானை வேண்டுமென்றே வைத்துவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்து தேநீர் குடிப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும். தண்ணீரைச் சோதிக்க ஒரு சின்னக் குப்பி மருந்து தந்திருந்தார், சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து எட்டுச் சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சையானால் நஞ்சு. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நான் நாளுக்கு மூன்று முறை பார்த்தேன். பச்சை. பச்சை. வெளிர்பச்சை. உட்கார முடியவில்லை, நடக்கவும் இடமில்லை, கூடத்துக்கும் சமையலறைக்கும் பதினோரு அடி.

ஆறாம் வாரம் மஞ்சள் வந்து நிலைத்தது. நகம் அளவில் சிவப்பு மீன்கள் ஆறு வாங்கி வந்தேன். ஒரு சிவப்பு நூல் ஓடற மாதிரி தெரியுது என்று அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் நான் அந்தப் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். பழுப்பாக, வழவழவென்று. அவள் குளிக்கப் போயிருந்தாள். குழாய்த் தண்ணீரில் பிழிந்தேன், சோப்பு போடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. பிறகு அது போதாது என்று தோன்றி, பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறவைத்துப் போட்டேன். பஞ்சு புதுசு போல ஆனது. உண்மையைச் சொன்னால், எட்டு மாதத்தில் முதன்முறையாக அன்று மத்தியானம் அயர்ந்து தூங்கினேன்.

அடுத்த மூன்றாம் நாள் காலை, எல்லாம் மேலயே நிக்குது, கீழ ஒண்ணும் அசையல என்று அம்மாதான் கூப்பிட்டாள். ஆறும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. எட்டுச் சொட்டு விட்டேன், கண்ணாடிக் குழாய் இலைப்பச்சை. வாளியில் முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை மாற்றிவிட்டுக் கடைக்கு ஓடினேன், ஃபோனை மேஜையிலேயே விட்டுவிட்டு. என்ன செஞ்சீங்க என்றார் கடைக்காரர். பஞ்சைக் கழுவினேன் என்றேன். குழாய்த் தண்ணியிலயா. ஆமாம். குழாய்த் தண்ணியில குளோரின் மருந்து கலந்திருக்கே சார், அதுவே கிருமியக் கொன்னிருக்குமே என்றார். கொதிக்கவும் வைத்தேன் என்றேன். அவர், வேற எதையாவது மிச்சம் வெச்சீங்களா என்று கேட்டுவிட்டு, தன் தொட்டியிலிருந்து பார்க்கவே சகிக்காத ஓர் அழுக்குப் பஞ்சை எடுத்துத் தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். காயக் கூடாது, கழுவக் கூடாது. தெருவெல்லாம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். வாழ்நாளில் நான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த முதல் கிருமி அதுதான்.

வீட்டுக்குள் வந்தால் அம்மா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டு, முதல்ல அதைத் தண்ணியில போடுங்க என்றாள். போட்டேன். குமிழி வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றேன். பிறகு சொன்னாள். "ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் பேசினாங்க. எனக்குப் பயம்னு சொல்லி மூணு தடவை தள்ளிப்போட்டீங்களாமே."

பாப்பா, இந்த இடத்துக்கு வரத்தான் இத்தனை பக்கம் மீனைப் பற்றி எழுதினேன். இடது கண்ணுக்கு நாள் குறித்து அவர்கள் மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் நான்தான் வேண்டாம் என்றேன். அம்மாவிடம், அவர்கள் இன்னும் கூப்பிடவில்லை என்றேன். உன்னிடம், அம்மா பயப்படுகிறாள், கண் பேச்சை எடுக்காதே என்றேன். நீ எடுக்கவில்லை. பொண்ணு ஒரு வார்த்தை என் கண்ணப் பத்திக் கேக்கறதில்லையே என்று அவள் ஒருநாள் சொன்னபோதும் வேலை அதிகம் போலிருக்கிறது என்றுதான் சொன்னேன். புரை இப்போதே இறுகிவிட்டது, இன்னும் தள்ளினால் அறுவையே கடினமாகிவிடும் என்று மருத்துவர் இரண்டாம் தடவையே சொல்லியிருந்தார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. பயந்தது நான்.

எதற்குப் பயம் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். வலது கண்ணில் கிருமி வந்த பிறகு நான் முன்பு வேலை பார்த்த, அவளுக்கு அறுவை நடந்த அதே ஆஸ்பத்திரியில் என் பழைய கருவி அறைக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே பொறுப்பில் இருப்பவர் நான் பழக்கிவிட்ட ஆள். அறுவை அன்றைக்கு ஆவியில் வெந்த கருவிக் கட்டுகளின் மேல் ஒட்டியிருந்த நாடாவை எடுத்துக் காட்டினார். ஆவி சரியாக ஏறியிருந்தால் நாடாவில் கறுப்புக் கோடு விழும். விழுந்திருந்தது, மூன்று கோடும் தெளிவாக. அவர் எனக்கு ஆறுதல் என்று நினைத்துத்தான் காட்டினார். எனக்கோ அங்கே பிழை இல்லை என்றால் வேறு எங்கே என்று ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நாளுக்கு ஆறு முறை அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டது யார். ஒவ்வொரு முறையும் முன்னால் மூன்று தடவை கை கழுவினேன், விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிற வரை கழுவினேன். வெடித்த தோலில்தான் கிருமி தங்கும். இது எங்கள் அறையில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, இமையிலேயே இருந்திருக்கலாம் என்று மருத்துவர் அப்போதே சொன்னார். அது எனக்குப் போதவில்லை.

கையைக் கொடுங்கள் என்றாள் அம்மா. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள், இடுக்கில் வெடிப்பு வந்த இடத்தில் நின்று, அடுத்ததற்குப் போனாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க கையிலேருந்து வந்துச்சோ, வேற எங்கிருந்து வந்துச்சோ, யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்காக நான் ஏங்க இருட்டுல உக்காந்திருக்கணும்?" என்றாள். நர்ஸிடம் அவளே நாள் கேட்டு வாங்கிவிட்டாளாம். அதே ஆஸ்பத்திரி, அதே மருத்துவர், பதினெட்டு நாள் கழித்து வியாழக்கிழமை காலை பத்து மணி. சொட்டு மருந்து விட ஒரு நர்ஸை ஏற்பாடு செய்துவிடலாம் என்றேன். வேண்டாம், நீங்கதான் விடணும், அதுக்குள்ள கை ஆறியிருக்கணும் என்றாள். மறுநாள் என்னைத் தோல் மருத்துவரிடம் துரத்தினாள். ஒரு களிம்பு, பாத்திரம் தேய்க்கும்போது போட்டுக்கொள்ள ரப்பர் கையுறை. சோப்பைத் தொடும்போதெல்லாம் அவளுக்குச் சத்தம் கேட்டுவிடுகிறது, கூடத்திலிருந்தே எண்ணுகிறாள்.

இதெல்லாம் நடந்து ஆறு நாளாகிறது. மீனில் இரண்டு போய்விட்டன, நான்கு பிழைத்தன. பச்சை வெளிறி வருகிறது, நான் சோதிப்பது நாளுக்கு ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது, ஒரு முறையோடு நின்றேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை, நேற்று இரண்டு. விரலிடுக்கில் வலக்கை பரவாயில்லை, இடக்கையில் இன்னும் ஒரு வெடிப்பு மூடவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். மூடாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். வலது கையால விடுங்க, இடது கையச் சட்டைப்பையில போட்டுக்கோங்க என்றாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஒரு வாரம்கூட மிச்சம் இருக்காது. விடுப்புக் கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு, நீயே யோசித்துக்கொள். ஆனால் ஃபோன் செய். நான் எடுத்தால் அம்மாவிடம் கொடு என்று சொல். அவள் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே, கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். அவளிடமே கேள். என்மேல் கோபம் இருந்தால் அதை மட்டும் என்னிடம் சொல்.

எழுதி முடித்ததும் அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். கடைசியில் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "பயந்தது நான்னு எழுதியிருக்கீங்க இல்ல, அதோட விட்டுடாதீங்க. எனக்கும் பயமா இருக்குன்னு போடுங்க. இல்லாட்டி அதுவும் தப்பாயிடும்." இதோ, போட்டுவிட்டேன்: அம்மாவுக்கும் பயமாக இருக்கிறது.

நீ நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும், போகிற இடத்தில் எல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் வாய்க்க வேண்டும். வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற பழக்கம் உன்னிடமும் இருக்கிறது, கவனித்திருக்கிறேன். ஒருமுறை இழுத்துப் பார், போதும்.

அன்புடனும் ஆசியுடனும்,
அப்பா

அம்மாவும்.