பெரிய அகராதி

27 அக்டோபர் 1997, திங்கள்

நண்பன் செல்வம் நாளை சிங்கப்பூர் திரும்புகிறான். எனக்குப் பழைய எகிப்திய மொழி அகராதி ஒன்று வாங்கி அனுப்புவான். எது என்று நான்தான் சொல்ல வேண்டும். சிறியது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு அகராதிகளிலிருந்தும் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தான்.

"எகிப்து பாஷை படிச்சு யாருக்குடா லெட்டர் போடப்போற? பொணத்துக்கா?" என்று சிரித்தான்.

ஒரே சொல்லை இரண்டிலும் தேடினேன். சிறியதில் 'கல்லறைப் பொம்மை' என்று மட்டும் இருந்தது. பெரியதில் முழு விளக்கம். பெரிய மனிதர்களின் பிணத்தோடு இந்தப் பொம்மைகளை வைப்பார்களாம். மேலுலகத்தில் அவர்களுக்கு வயல்வேலை வந்தால், கூப்பிட்டவுடன் பொம்மை 'இதோ இருக்கிறேன்' என்று எழுந்துபோய் நீர் பாய்ச்ச வேண்டும். செத்தாலும் கூலி வேலைதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போது வாசலில் மிராசுதாரின் குரல் கேட்டது. வயதாகி நினைவு தடுமாறிப்போன மனிதர். அவர் வயலில் உழைத்து, போன ஆடியில் செத்துப்போன என் அப்பாவைக் கூப்பிட்டார். "டேய் மாரிமுத்து, மடையத் தொறடா!"

"தோ வந்துட்டேன் ஆண்டே!"

அப்பாவின் குரல். அதே இழுப்பு. செல்வம் சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். நான் எழுந்து நின்றிருந்தேன். என் வாய் திறந்திருந்தது. பண்ணையாட்கள் எஜமானைக் கூப்பிடும் அந்த 'ஆண்டே' என்ற சொல்லை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

"சின்னதையே வாங்கிக்கடா" என்றான் செல்வம், மெதுவாக.

பெரியதைத்தான் அனுப்பச் சொன்னேன். கூப்பிட்டும் எழுந்திருக்காத பொம்மை ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.