சதுப்பில் நிற்கும் உங்கள் மரம்

இஞ்சாருங்கோ,

கல்யாணம் ஆன நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இனிப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஆனால் மேய்ச்சல் வெளிக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்போது உங்கள் பெயரை வாசிக்கிறார்கள். அங்கே உங்கள் பெயர்ப்பலகையோடு ஒரு மரம் நிற்கிறது. ஓம், மரம்தான். உங்களுக்குப் போய் மரம்!

வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்ற உங்கள் கால், சனிக்கிழமையானால் அந்தச் சதுப்புக்குப் போகாமல் அடங்காது. இந்த ஜெர்மன் ஊரின் பொதுநிலம் அது; அங்கே மாடுகள் புல்லை மேயும். அவை தின்னாமல் விட்ட மரக்கன்றுகளை நீங்களும் மேய்ச்சல் சங்கத்துக்காரரும் குனிந்து குனிந்து பிடுங்குவீர்கள்.

“வீட்டிலை கறிவேப்பிலைக்கு ஒரு சொட்டுத் தண்ணி விட ஏலாது, அங்கை போய்ச் சேறு குழைக்கிறியள்” என்று கத்துவேன்.

“மரம் வந்தா நிலம் காய்ஞ்சு போயிடுமப்பா. பிறகு ஓர்க்கிட்டும் இல்லை, பஞ்சுப்புல்லும் இல்லை” என்பீர்கள்.

ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நம் ஊர் வயலில் கத்தும் ஆட்காட்டிக் குருவியின் சொந்தக்காரப் பறவை ஒன்று, தலையில் கொண்டையோடு, புல்லுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தது. “பக்கத்திலை மரம் நிண்டா காகம் ஏறி இருந்து முட்டையைக் கண்டுபிடிச்சிடும்” என்றீர்கள். சேற்றுக்குள் அந்த ஊதா ஓர்க்கிட் பூக்களைப் பார்த்தபோது உங்கள்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, உங்கள் தம்பி ரவி ஆளுயர ஓக் கன்றோடு வந்து நின்றார்.

“ஜெர்மன்காரர் செத்தவைக்கு மரம் நடுறவை, அண்ணி. அண்ணை உயிரா நினைச்ச இடத்திலையே நடுவம்.”

“அவர் அங்கை மரம் பிடுங்கப் போனவர், தம்பி.”

“நீங்கள் துக்கத்திலை கதைக்கிறியள். பேசாமல் இருங்கோ.”

அங்கே மரம் ஆகாதென்று சங்கத்துக்காரருக்கும் தெரியும். ஆனால் இது தமிழரின் சடங்கு என்று நினைத்து, ரவி நட்டு முடிக்கும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பக்கமும் அத்தனை மரியாதை. அந்த மரியாதையில் தீயை வைக்க!

இந்த வசந்தத்தில் உங்கள் முதல் வருஷ ஆட்டைத் திவசம். ரவி படையல் சோற்றை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். ஒரு காகம் இறங்கியது. “அண்ணை வந்திட்டார்!” என்று கும்பிட்டார். எல்லாரும் அழுதார்கள். சோற்றைத் தின்ற காகம் மரத்துக்கு முட்டுக்கொடுத்த கம்பில் ஏறிச் சுற்றிப் பார்த்தது. பிறகு புல்லுக்குள் பாய்ந்தது. ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக் கத்திப் பறந்தது. காகம் எழும்பியபோது அலகில் முட்டை இருந்தது.

அதுவா நீங்கள்? அந்தக் காகத்தைப் பார்த்து நீங்கள் என்று சொல்ல அவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

இப்போது அந்தப் பக்கம் ஆட்காட்டிச் சத்தமே இல்லை. மாடு கடிக்காமல் இருக்க மரத்தைச் சுற்றிக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். வலைக்குள் நாணல் நெஞ்சளவு வளர்ந்து பூக்களை மூடிவிட்டது. இன்னும் இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆட்களுக்கும் மரம் நட இடம் கேட்கிறார்களாம். உங்களுக்கு விட்டுவிட்டு அவர்களுக்கு எந்த வாயால் மறுப்பது?

சங்கத்தில் போய்க் கேட்டேன். குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்றார்கள். குடும்பம் நான்தானே? ரவியிடம் சொன்னேன்.

“அண்ணையைப் பிடுங்கி எறியப் போறியளோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

வருகிற சனிக்கிழமை உங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு போகிறேன். வேர் ஒன்றும் மிஞ்சாமல் எடுப்பேன். இது என் சத்தியம். பெயர்ப்பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து கறிவேப்பிலைச் சட்டியில் குத்தி வைக்கிறேன். அதற்கு நீங்கள் விடாத தண்ணீரை நானே விடுகிறேன்.

உங்கள் சேற்றுச் சப்பாத்தைத் திட்டித் திட்டிக் கழுவிய,
உங்கள் மனைவி